நீளமான போர்டு வாடகைக்குப் போயிருந்தது

எங்கள் குப்பத்துக்கு அலைச்சறுக்குப் பழக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது போர்டில் என்ன படம் போட்டிருக்கிறது என்பதைத்தான். மறைமலைநகரிலிருந்து வந்த ஒருவர், சுறா படம் போட்ட ஆறடிகூட இல்லாத மெல்லிய போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் நல்ல கனம்.

"மச்சான், உன்ன கட்டுமரமே தாங்காதுடா" என்றான் கூட வந்த நண்பன்.

நான் நீலநிற ஃபோம் போர்டைக் கொடுத்தேன். பெரியது, தடிமனானது, அழகில்லாதது. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் அதன்மேல்தான் அன்றைக்கு எழுந்து நின்றார்.

அந்த சுறா போர்டு என் அண்ணனுடையது. அப்படிப்பட்ட குட்டி போர்டுக்கு வேகமான அலை வேண்டும், கனம் குறைந்த உடம்பும் வேண்டும். அலை சோம்பலாக இருந்தால் அகலமும் நீளமும்தான் ஆளைத் தாங்கும். அதனால் வருகிற எல்லோரிடமும் எடை கேட்பேன், எவ்வளவு பழக்கம் என்று கேட்பேன், தண்ணீரில் என்ன செய்ய ஆசை என்றும் கேட்பேன். கடைசிக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அலைச்சறுக்குப் பள்ளி அண்ணனுடையது. நான் அங்கே சொல்லிக்கொடுக்கிறேன். தங்கச்சி என்பதால் என் ஆசையெல்லாம் கணக்கில் வராது.

எனக்கும் ஆசை இருந்தது. அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்டின்மேல் நடந்து அதன் முன்நுனியான மூக்குவரை போய் நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது, குட்டி போர்டுகள் என்னைத் தாங்கவில்லை. என்னிடம் பழகிய ஒரு டாக்டரம்மா, ஊரை விட்டுப் போகும்போது தன் ஒன்பதடி போர்டை எனக்கென்றே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருடம் முழுக்க அதில்தான் நடக்கப் பழகினேன்.

மாமல்லபுரம் பக்கம் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். எந்த போர்டு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். தேறினால் வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்புவார்கள். எங்கள் கடலைத் தவிர வேறு கடலை நான் பார்த்ததில்லை. எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

போட்டிக்கு முந்தின நாள், நான் வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் என் போர்டை வாடகைக்கு விட்டுவிட்டான். எடுத்த ஆள் கரையோர அலையில் அதை மணலில் குத்தி அதன் மூக்கை உடைத்திருந்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வலைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு கத்தினுகீற? கஸ்டமருக்கு அடிபடல, அத்த பாரு" என்றான் அண்ணன்.

"அப்போ அந்த நீல போர்டக் குடு. அதுலயே போறேன்."

"ஃபோம் போர்ட தூக்கினு போட்டிக்குப் போவியா? நம்ம ஸ்கூல் மானம் இன்னாத்துக்கு ஆவுறது? என்னுத எடுத்துக்க."

என் எடையில் வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் அந்த சுறா போர்டைத் தொடவே விட்டிருக்க மாட்டேன். பள்ளியின் மானம் என் தலையில்தான் இருக்கிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்றைக்குக் கடல் தூங்கிவழிந்தது. அலை வரும், என்னைக் கொஞ்சம் தூக்கும், விட்டுவிட்டுப் போய்விடும். போர்டு என் வயிற்றுக்கடியில் முங்கியே கிடந்தது. தோள் கழன்றுவிடும்போல் கையால் துடுப்புப் போட்டேன். நேரம் முடிந்து ஹாரன் அடித்தபோது நான் ஒரு அலையில்கூட எழுந்து நிற்கவில்லை.

கரையில் அண்ணன் துண்டோடு நின்றிருந்தான். "பிராக்டிஸ் பத்தல உனக்கு" என்றான்.

அந்தத் துண்டை நான் வாங்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

ஒன்பதடி போர்டின் மூக்கை ஒட்டிவிட்டார்கள். இப்போது அது வாடகைக்குத்தான் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, அவள் உடம்பைப் பார்த்து, அதைத்தான் எடுத்துக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டாள். கரைக்கு வரும்போது சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

"எனக்கெல்லாம் வராதுன்னு நெனச்சேன்க்கா."

"ஏத்த போர்டு குடுத்தா ஏன் வராது?" என்றேன், அண்ணன் காதில் விழட்டும் என்று உரக்க.

விழுந்தது. பக்கத்தில் நின்ற புது கஸ்டமரிடம் அவன் பெருமையாகச் சொன்னான்: "பாத்தீங்களா சார், யாருக்கு எந்த போர்டுன்னு என் தங்கச்சி மாரி சொல்றதுக்கு ஆளே கெடையாது."