அம்மாவின் அக்கடிச் சால்

மார்கழிப் பனியில் நனைந்த அவரைக்காயைப் பறித்தவர்களுக்குத் தெரியும், விரல்களில் ஒட்டிக்கொள்ளும் அந்த எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் எத்தனை சோப்பு போட்டாலும் லேசில் போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் என் கையை முகர்ந்துவிட்டு, "உங்க வூட்ல இன்னிக்கும் பிதுக்கம்பருப்பா?" என்று கேட்பாள். அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எறிந்துவிட்டு வைக்கிற குழம்பு அது. சூடான ராகிக் களிக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்று இன்றைக்கும் நான் சண்டைக்கு நிற்பேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே தள்ளி, வானத்தை நம்பிக் கிடந்த செம்மண் "காடு" எங்களுடையது. ஆடியில் மழை விழுந்ததும் ராகி விதைப்பார்கள். கடுகைவிடப் பொடியான விதை என்பதால் மணலோடு கலந்து அப்பா தூவிக்கொண்டே போக, பின்னால் ஏர் மேலாக உழுது மூடிக்கொண்டே வரும். நாலைந்து முழத்துக்கு ஒருமுறை மட்டும் ஏரை அழுத்திப் பிடித்து ஆழமாக ஒரு சால் ஓட்டுவார்கள். அதில் அம்மா மடியிலிருந்து அவரையும் துவரையும் தட்டைப்பயறும் எடுத்துப் போட்டுக்கொண்டே நடப்பாள். இந்தக் கலப்புச் சாலுக்கு எங்கள் பக்கத்தில் "அக்கடி" என்று பெயர். ராகியின் வேர் மேலாக மேயும், துவரையின் வேர் ஆழத்துக்கு இறங்கும், ராகியை அறுத்த பிறகு அவரை அந்த இடத்தில் படர்ந்துகொள்ளும், உதிர்கிற இலையெல்லாம் மண்ணுக்கே எருவாகும். ஒன்றுக்கு மழை போதாமல் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

எங்கும் எழுதி வைக்காத இன்னொரு ஏற்பாடும் அதில் உண்டு. ராகி அப்பாவுடையது, அக்கடி அம்மாவுடையது. அக்கடியில் விளைந்ததை அம்மா சந்தையில் விற்று என்ன செய்தாள் என்று அப்பா கேட்கமாட்டார். என் வளையலும் ரிப்பனும், தாய்வீட்டுக் கல்யாணங்களுக்கு அம்மா செய்த முறையும் அதிலிருந்துதான் வந்தன.

அப்பா எதையாவது புதிதாகக் கேள்விப்பட்டால் செய்துபார்க்காமல் தூக்கம் வராத ரகம். ஒரு வருடம் பாலக்கோட்டில் யாரோ சொன்னதைக் கேட்டுவந்து, "ராகியத் தனிப்பயிராப் போட்டா களையெடுக்க சுளுவு, மகசூலும் ஏறுமாம். இந்த வருசம் அக்கடி வேணாம்" என்றார்.

"ராகி உங்களுது, அக்கடி எனுது. எனுதுக்கு நான் எங்கங்க போறது?" என்றாள் அம்மா.

"ஒரு வருசந்தானே, வுடும்மே" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். அன்றைக்கு அம்மா கிண்டிய களி கொஞ்சம் கட்டி தட்டித்தான் இருந்தது.

விதைப்பன்று பக்கத்துக் காட்டு வெங்கட்டப்பா தன் மாடுகளோடு ஏர் ஓட்ட வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இன்றைக்கு அவர் எங்களுக்கு உழுதால் நாளைக்கு அப்பா அவருக்கு உழுவார். பாதிக் காடு விதைத்ததும் விதை தீர்ந்துபோய், மிச்சத்தை எடுத்துவர அப்பா வீட்டுக்குப் போனார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. அந்நேரம் பார்த்து, சோற்றுக்கூடையோடு என்னையும் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, வரப்பில் நின்று கையை உயர்த்தி, "சாலு! சாலு!" என்று கூவினாள்.

வெங்கட்டப்பா சட்டென்று நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, புங்கமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். தெலுங்கில் "சாலு" என்றால் போதும் என்று அர்த்தம்.

விதையோடு ஓடிவந்த அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "மழ வருது, எதுக்குய்யா ஏர அவுத்த?"

"அக்காதானே சாலு சாலுன்னு கூவுச்சு?"

"நான் அக்கடிச் சாலு ஓட்டச் சொன்னேன், உனக்கு வேற மாதிரி கேட்டா நான் என்னா பண்றது?" என்றாள் அம்மா. அவர்கள் பேசி முடிப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

அடைமழை. மண்ணில் கால் வைக்க முடியவில்லை. உழவுக்குப் பதம் வந்தபோது ராகிக்குப் பருவம் தப்பியிருந்தது. அப்பா கோபத்தில், "விதைக்காத பாதிய நீயே வெச்சிக்க" என்றார். அம்மா அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மறுநாளே பாதிக் காடு முழுக்க அவரையும் துவரையும் போட்டுவிட்டாள். பகல் குறுகும்போதுதான் அவரை பூக்கும் என்பதால், பிந்தி விதைத்தாலும் மார்கழியில் காய்த்துத் தள்ளியது. நியாயமாகச் சொன்னால் அப்பாவின் தனி ராகியும் அந்த வருடம் நன்றாகத்தான் விளைந்தது. ஆனாலும் மறு ஆடியில், யாரும் கேட்காமலே அவர் ஏரை அழுத்திப் பிடித்து ஆழமாக ஒரு சால் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "வாம்மே, உன்னுது வந்திருச்சு." அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குரல்தான்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் திடீரென்று உறைத்தது. அம்மா பிறந்த தெருவில் பாதி வீடு தெலுங்கு வீடு. கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சோறு போடறப்ப சாலு சாலுன்னு சொல்லி வளந்தவடி நான். தெரியாமயா கூவுனேன்?" அப்பாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவர் போய்ச் சேரும்வரை நானும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் காட்டில் என் தம்பி மக்காச்சோளம் போடுகிறான். டிராக்டர் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புவரை ஒரே சீராக விதைத்துவிட்டுப் போகிறது. தெளிக்கிற களைக்கொல்லியில் நடுவே அவரை முளைத்தாலும் கருகிப்போகும், அதனால் அக்கடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன், கடனில்லாமல் குடும்பம் நடத்துகிறான், அம்மாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான்.

போன மார்கழியில் ஊருக்குப் போனபோது, கடையில் வாங்கிய அவரைக்காயை அம்மா உரித்துக்கொண்டிருந்தாள். "தம்பி செலவுக்குக் குடுக்கறானாம்மா?" என்று கேட்டேன்.

"கேட்டா குடுக்கறான்டி" என்றாள். ஒரு காயை உரித்து முடித்துவிட்டு, "கேக்கணுமில்ல" என்றாள்.