மருந்தென்று சொல்லக்கூடாத கடை

எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாசாவின் மூலைக்கடையில் பால் இருக்கும் குளிர்ப்பெட்டிக்கு அடுத்த குளிர்ப்பெட்டியில் பியர் இருக்கிறது. பிள்ளையை ஸ்ரோலர் வண்டியில் தள்ளிக்கொண்டே போய் வாங்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சிகரெட்டும் அங்கேதான், சுரண்டும் லொத்தர்ச் சீட்டும் அங்கேதான். அதே பிளாசாவில் நாலு கடை தள்ளி, என்னுடைய மனுசனின் கால் எரிவுக்கு ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் வாங்கப் போனதற்கு எனக்கு வேலை போனது. ஒரு தம்பிக்குக் கடையே போனது.

இவருக்கு, என் மனுசனுக்கு, நீண்டகாலமாக நீரிழிவு. இரண்டு பாதமும் எரியும். பகலில் ஒருமாதிரிச் சமாளிப்பார். படுத்தால் போர்வை பட்டாலே கத்துவார். டொக்ரர் தந்த குளிசைகள் தலையைச் சுற்றவைத்தன. குளியலறையில் விழுந்து நெற்றி கிழிந்தபிறகு அவற்றை நிறுத்தி, நோவுக்கென்று இருக்கும் இன்னொரு டொக்ரரிடம் அனுப்பினார்கள். அவர்தான் நாக்கின் கீழ் விடும் எண்ணெய் எழுதினார். கஞ்சாவில் செய்தது.

"வயசுபோன காலத்திலை என்னைக் கஞ்சாக்காரன் ஆக்கப்போறீரோ?" என்று இவர் என்னைத்தான் ஏசினார், எழுதினது நான் என்பதுபோல.

அந்த எண்ணெயை விடத் தொடங்கிச் சில நாட்களில் ஒரு காலை, நன்றாக விடிந்தும் இவர் எழும்பவில்லை. பயந்துபோய் மூக்கடியில் கையை வைத்தேன். "என்ன பாக்கிறீர்? இன்னும் இருக்கிறன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நித்திரை கொண்டிருக்கிறார். நான் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேளாமல் அழுதேன்.

இந்த நாட்டில் அந்த எண்ணெய் மருந்து என்றால் தபாலில் மட்டுந்தான் வரும். கொம்பனியில் பதிய வேண்டும். விட்பி என்ற தூரத்து ஊரில் இருக்கும் மகன் கொம்பியூட்டரில் அதெல்லாம் செய்து தந்தான். அவனுக்கு வேலை, பிள்ளைகள், தூரம், அடிக்கடி வரமுடியாது. மற்ற டொக்ரர் மருந்துகளுக்கு இல்லாத வரி இதற்கு மட்டும் உண்டு. சரி, அதையும் கட்டினோம்.

ஆனால் பார்சல்காரன் காத்து நிற்கமாட்டான். நான் அப்போது எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையின் வீட்டில், அவளுடைய இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் வங்கியில் வேலை. எங்கள் வீட்டில் இவர் தனிய. கீழ்க்கதவில் பஸ்ஸர் அடித்தால் கட்டிலிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்து, அந்த எரியும் காலோடு போய்ப் பொத்தானை அமத்த வேண்டும். அதற்குள் அவன், ஆள் இல்லை என்று ஒரு அட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடுவான். பிறகு அந்தப் பார்சல் பெரிய மருந்துக்கடையின் பின்பக்கத்துத் தபால் கவுண்டரில் போய்க் கிடக்கும்.

இதைக் கேளுங்கள். மருந்துக்கடைக்குள்ளேயே என்னுடைய மனுசனின் மருந்து கிடக்கிறது. முன்பக்கத்தில் வெள்ளைச்சட்டை போட்ட மருந்துக்காரர் நிற்கிறார். அவர் அதைத் தொடக்கூடாது, விற்கக்கூடாது. பின்பக்கத்துப் பெண், பெயருக்குரியவர் தானே வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றாள். நடக்கமுடியாதவருக்குத்தான் அந்த மருந்து என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். "ஐ ஆம் சொறி" என்றாள். பனிக்காலத்தில் அவரைச் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. மகன் அந்தக் கிழமை வரவில்லை. பார்சல் வந்த வழியே திரும்பிப் போனது.

அப்போதுதான் பிளாசாவில் இருந்த, லைசென்ஸோடு கஞ்சா விற்கும் அந்தக் கடைக்குப் போனேன்.

போவதற்கு எனக்கு எவ்வளவு வெட்கம் என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் சாறிக்கடை, மற்றப் பக்கம் எங்கடை ஆட்களின் சாப்பாட்டுக்கடை. நடுவில் இது, கண்ணாடி முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டி, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாதபடி. பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதென்று அப்படி மூடி வைத்திருந்தார்கள். மூடி வைத்தால் பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஏதோ அசிங்கம் நடக்கிற மாதிரித்தானே இருக்கும். கடைக்காரத் தம்பி முந்திப் பிறம்ரன் நகரில் லொறிக் கொம்பனியில் வேலை செய்தவன். வீட்டை அடகு வைத்து லைசென்ஸ் எடுத்தான். அவனுடைய தாய் கோயிலில் எல்லாருக்கும் "மகன் போன் கடை வைச்சிருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் பிள்ளையோடு கதவடிக்குப் போனதும் அவன் ஓடிவந்தான்.

"அன்ரி, அன்ரி, நில்லுங்கோ. பிள்ளையோடை உள்ளுக்கை வரேலாது."

"இது கைக்குழந்தை மாதிரி, தம்பி. இதுக்கென்ன விளங்கப்போகுது?"

"பிறந்த பிள்ளை எண்டாலும் பத்தொன்பது வயசு ஆகவேணும்."

"அப்ப பத்தொன்பது வயசு மட்டும் இதிலை நிக்கட்டோ?"

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த முதல் நாளில் சிரிப்புத்தான் வந்தது.

பக்கத்துச் சாப்பாட்டுக்கடைப் பிள்ளை "இஞ்சை விட்டிட்டுப் போங்கோ, அன்ரி, நான் பாக்கிறன்" என்றாள். குழந்தைக்கு ரொட்டித்துண்டு ஒன்று கையில் கொடுத்தாள். நான் உள்ளே போய், மருந்து வேண்டும், கால் எரிவுக்கு, என்று தொடங்கினேன். தம்பி இரண்டு கையையும் உயர்த்தினான்.

"அன்ரி, உந்த மருந்து எண்ட கதை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ. வருத்தத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. சொன்னன் எண்டால் லைசென்ஸுக்கு ஆபத்து."

"அப்ப என்னெண்டு கேக்கிறது?"

"ஒண்டும் கேக்காதேங்கோ. என்ன வேணுமெண்டு மட்டும் காட்டுங்கோ."

கைப்பையிலிருந்து வெறும் போத்தலை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன். அவன் அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே கொம்பனி, அதே மூடி, அதே அளவு. எத்தனை துளி என்று கேட்டேன். கூரை முகட்டைப் பார்த்தான். டொக்ரர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியும் என்பதால் தப்பினேன். தெரியாதவர்கள் எத்தனை பேர் அந்த முகட்டையே பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்?

அதன்பிறகு பார்சல் பிந்தும் நேரமெல்லாம் அவனிடந்தான். அந்தப் போத்தலை வேறு ஒருவரும் வாங்குவதில்லை. எனக்காகவே, கடைகளுக்குக் கஞ்சா கொடுக்கும் அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து எடுப்பித்து வைத்திருந்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் பெரிய கொம்பனி ஒன்றின் கஞ்சாக் கடை வந்த பிறகு அவனிடம் சனம் குறைந்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் எனக்கான போத்தல் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை, கடுங்காற்று. மருந்து முடிந்து இவருக்குச் சில இரவுகள் நித்திரையில்லை. சாப்பாட்டுக்கடையில் ஏதோ கலியாண ஓடர், முன்கதவைப் பூட்டிவிட்டார்கள். நான் ஸ்ரோலரோடு வெளியில் நின்றேன். பிளாஸ்ரிக் மூடியைத் தாண்டிக் காற்று போனது. குழந்தையின் மூக்கு சிவந்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்றால் இவருடைய முகம் வருகிறது. தம்பி ஜக்கற்கூடப் போடாமல் வெளியே வந்தான்.

"என்ன அன்ரி, விறைச்சுச் சாகப்போறீங்களோ? இதுக்குள்ளை வாங்கோ."

அந்தக் கடைக்கு இரண்டு கதவு. வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் இடையில் ஒரு ஸ்ரோலர் நிற்கக்கூடிய இடம். காலணி துடைக்கும் விரிப்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தம்பி வெளிக்கதவைப் பிடித்து ஸ்ரோலரை உள்ளே இழுத்தான். "நான் பிள்ளையோடை நிக்கிறன், நீங்கள் போய் எடுங்கோ" என்றான். காசுப்பெட்டியடியில் நின்ற வேலைக்காரப் பெண்ணிடம் நான் போத்தலை வாங்கிக்கொண்டு வரும்போது, அவன் கன்னத்தை ஊதி ஊதிக் குழந்தைக்குச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் நடந்தது.

அவன் கதவைப் பிடித்து ஸ்ரோலரை இழுக்கும்போது யாரோ எங்கடை ஆள்தான் காருக்குள் இருந்து படம் எடுத்திருக்கிறான். மாலைக்குள் அது வைபர் குரூப்புகளில் சுற்றியது. "பேத்தியோடு கஞ்சாக் கடைக்குப் போகும் பாட்டி. எங்கே போகிறது எமது சமூகம்?" என்று எழுதியிருந்தானாம். எங்கே போகிறதென்று அவன் காரை விட்டு இறங்கி என்னிடமே கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பேன். கதவையாவது பிடித்திருக்கலாம்.

குழந்தையின் தாய் போனைக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலில் நின்றாள்.

"அன்ரி, இது நீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை. அங்கிளுக்கு எண்ணெய் எடுக்க—"

"ஷீ இஸ் டூ, அன்ரி! ரெண்டு வயசு! கஞ்சாக் கடைக்கு என்ர பிள்ளையை… என்ர வேலையிடத்திலை தமிழாக்கள் இருக்கினம். ஆருக்கு நான் என்ன சொல்லுறது?"

"இரண்டு கதவுக்கும் இடையிலைதான் நிண்டது, பிள்ளை. குளிர்."

"ஐ ட்ரஸ்ரட் யூ."

அவளுடைய ஸ்ரோலரின் கீழ்க்கூடை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் குழந்தையோடு போய் வாங்கும் வைன் போத்தல் அந்தக் கூடையில்தான் வரும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் சுபாவம் அப்படி. யாரும் சத்தம் வைத்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். குழந்தையின் மாற்றுச்சட்டைப் பையைக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன். நான் பிழை செய்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

படம் அதிகாரிகளுக்கும் போயிருக்கிறது. இன்ஸ்பெக்ரர் ஒருவர் தம்பியின் கடைக்கு வந்தார். கள்ளர் வந்தால் பிடிக்கவென்று சட்டம் அவனைக் கமரா பொருத்தவைத்திருந்தது. ஒளிவில்லாமல் எல்லாம் அதில் இருந்தது, கன்னம் ஊதினது உட்பட. இரண்டு கதவுக்கும் இடையில் உள்ளதும் கடைதான் என்று முடிவாம்.

எனக்குப் பொறுக்கவில்லை, தம்பியிடம் போனேன்.

"தம்பி, நான் வந்து அவையளுக்குச் சொல்லுறன். நான் மருந்துக்குத்தான் வந்தனான் எண்டு."

அவன் பதறிப்போனான். "ஐயோ அன்ரி, கும்பிட்டன், உதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ! பிள்ளையை உள்ளுக்கை விட்டது ஒரு குற்றம். மருந்தெண்டு வித்தன் எண்டால் அது இன்னொரு குற்றம்."

"அப்ப நான் என்னத்துக்கு வந்தனான் எண்டு சொல்ல?"

"சும்மா… சந்தோசத்துக்கு எண்டு சொல்லுங்கோ."

அவன் சிரிக்கவில்லை. எழுபத்தைந்து வயதில், குளிருக்குள், பிறத்தியாரின் பிள்ளையோடு நான் சந்தோசத்துக்குக் கஞ்சா வாங்கப் போனேன் என்றால் சட்டத்துக்குச் சரி. வருத்தக்கார மனுசனுக்கு மருந்து வாங்கப் போனேன் என்றால் பிழை. அப்படி ஒரு சட்டத்தை எழுதினவர்கள் எத்தனை வருடம் படித்திருப்பார்கள்? நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்ட ஆள் இல்லை. தம்பிதான் நின்றான், அவனும் அழுகிற முகத்தோடு.

கடையைக் கொஞ்சக்காலம் பூட்டச் சொன்னார்கள். பூட்டினாலும் வாடகை நிற்காது, வீட்டு அடகும் நிற்காது. திரும்பத் திறந்தபோது வந்துகொண்டிருந்த சனமும் தெருவைக் கடந்துவிட்டது. பங்குனிப் பனி உருகும்போது தம்பி கடையை விட்டுப்போக, கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைத்தாளை உரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கடைசிப் போத்தலை எடுத்துக் கணக்கில் போட்டு விற்றான். "சும்மா தரவும் ஏலாது, அன்ரி. அதுவும் சட்டம்" என்றான். இப்போது திரும்பவும் பிறம்ரனுக்கு லொறிக் கொம்பனி வேலைக்குப் போய் வருகிறானாம்.

அந்தப் போத்தல் முடிந்த நேரம் கொம்பனியில் அந்த எண்ணெய் கையிருப்பில் இல்லை என்று மகன் சொன்னான். "அந்தப் பெரிய கடைக்கு நானே வாறன். என்ர காலைக் காட்டுறன்" என்றார் இவர். வெயில் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தேன். உள்ளே வெளிச்சமும் பாட்டும். மூக்கில் வளையம் போட்ட ஒரு பிள்ளை அன்பாகத்தான் வந்தாள். என்ன மாதிரி அனுபவம் தேடுகிறீர்கள், சிரிப்பு வேண்டுமா, உற்சாகம் வேண்டுமா என்று இங்கிலிசில் கேட்டாள்.

இவர் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். "ஸ்லீப்" என்றார்.

அவளுடைய முகம் மாறியது. மன்னிக்க வேண்டும், உடம்பு விசயம் கதைக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்றாள்.

"என்ன சொல்லுறாள்?"

"வருத்தத்தைப் பற்றிக் கதைக்கேலாதாம்."

"அப்ப சிரிக்கிறதைப் பற்றிக் கதைக்கலாமோ?"

வெறும் போத்தலை எடுத்து வைத்தேன். பார்த்தாள். அது விலைபோகாத சாமான், நாங்கள் எடுப்பதில்லை என்றாள். பதிலுக்கு மாம்பழ வாசம் என்று எழுதிய, கஞ்சா கலந்த இனிப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். நீரிழிவுக்காரருக்கு இனிப்பு.

திரும்பி வந்து லிஃப்ருக்குள் கதிரையை ஏற்றினேன். கதவு மூடப்போகும்போது ஒரு ஸ்ரோலர் உள்ளே வந்தது. அவள்தான், குழந்தையின் தாய். குழந்தை என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டியது. தாய் மாடி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ற் ஒருமுறை குலுங்கியது. கீழ்க்கூடையில் போத்தலும் போத்தலும் முட்டின.

என்னுடைய வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"பிள்ளை, உதுகளை வாங்கேக்கை குழந்தையை எங்கை விட்டனீங்கள்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். "அன்ரி, தட் இஸ் டிஃபரன்ற்" என்றாள். எப்படி வேறு என்று சொல்லவில்லை. எங்கள் மாடி வந்துவிட்டது.

"நல்லாக் கேட்டீர்" என்றார் இவர், நான் வீட்டுக் கதவைத் திறக்கும்போது. எனக்கு ஒன்றும் ஆறவில்லை. கேட்டு என்ன, இரவு வரப்போகிறது, போத்தல் வெறுமை. அவரைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, பாதத்தில் சுற்ற, துவாயைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்தேன்.