கைலியில் கொட்டிய பனி

தலையணையில் சாய்த்து வைத்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இதை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. ஜப்பான்காரன் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த புத்தர் கோயில். சிவப்புத் தூண்கள், கூரையெல்லாம் பனி, குடை பிடித்துப் போகிற ஒருத்தி. கீழக்கரையிலிருந்து என்னோடு கல்லூரியில் படித்தவனின் காக்கா, அதாவது அண்ணன், ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போன இடத்தில் வாங்கி வந்தது. எனக்குப் பார்க்கத் தந்திருந்த அந்தத் தம்பியிடமே ஆசையைச் சொன்னேன்.

"ஆள் உருவம் இருக்குன்னு உம்மா மாட்ட விடாது. உங்க வீட்டுல?"

"எங்கம்மா கற்பூரம் காட்டிரும்."

"அப்ப ஒண்ணு செய் மாப்ளே. நம்ம திருப்புல்லாணிக் கோயிலை இதே மாதிரி அடிச்சுக் காட்டு. படம் உனக்கு. ஏலலைன்னா, கொழும்புக்குக் கப்பல் ஏறும்போது கையோட கொண்டு போயிருவேன்."

எனக்கு அந்தப் படம் வேண்டும். பூவரசம் பலகை வாங்கிக் கோயிலைச் செதுக்கினேன். கரிப்பொடியைக் கஞ்சியில் குழைத்தேன், தூணுக்குக் காவி. தாளைப் பலகைமேல் பரப்பிக் கொட்டாங்கச்சியால் தேய்த்தேன். நம்ம கோயிலிலும் பனி பெய்ய வேண்டும் என்று எனக்கு வெறி. அங்கே ராமர் காலங்காலமாகத் தர்ப்பைப் புல்லில் படுத்து வேர்த்துக்கொண்டிருக்கிறார், ஒருநாள் குளிரட்டுமே! பனியை நான் கண்டதில்லை. வெள்ளை என்றால் எனக்குச் சுண்ணாம்பு. கோபுரத்துப் பனியைப் புடைப்பாகச் செதுக்கி, சுண்ணாம்பு தடவி அடித்தேன்.

காய்ந்ததும் சுருட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். அவன் விரித்தான். பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏலே, பனி பூரா என் கைலியிலல்ல பெய்யுது! ஒங்க ராமருக்கு ஒண்ணுமே மிஞ்சல."

சிரித்து முடித்து, ஜப்பான் படத்தைத் திரும்பக் கேட்டான். கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை என்று ஜன்னல் வெயிலில் திருப்பிப் பிடித்தேன். சிவப்பும் நீலமும் பின்பக்கம் ஊறித் தெரிந்தன. பனி இருந்த இடம் வெறும் தாள். படுபாவி ஜப்பான்காரன், பனியை அடிக்கவேயில்லை! அந்த இடத்து மரத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

"இன்னொரு தடவை மாப்ளே," என்றேன்.

"கப்பலுக்கு வெள்ளிக்கிழமை ரயிலு. அதுவரைக்கும் வச்சுக்க."

பலகையைப் புரட்டி மறுபக்கம் இழைத்தாயிற்று. இந்தத் தடவை பனி கிடையாது. உச்சிவேளைச் சன்னதித் தெரு, கோபுர நிழல் மட்டும் கருப்பாக விழும். எதை வெட்டி எறிவது என்று கோடு போட்டுவிட்டேன்: அத்தனை வெயிலையும்.