ஒன்பதாம் வகுப்புக்கு ஜெபம் கிடையாதாம்

நான் கோபக்காரி என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சாட்சியையும் கோபம் தணிந்து எழுதவில்லை. அந்தக் கோபத்தையும் ஆண்டவர் காது கொடுத்துக் கேட்டார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன், தினமும் கம்பெனி வேனில்தான் போய் வருகிறேன். என் மகள் எஸ்தர் ஒன்பதாவது படித்தபோது, அரைப் பரீட்சை முடிந்ததும் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கணக்கில் அவள் பெயில். டீச்சர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இவ பத்தாவது பாஸாவ மாட்டாம்மா. எங்க ரிசல்ட் கெட்டுடும். இப்பவே டி.சி. வாங்கிக்கினு தனியா எழுத வைங்க. இல்லன்னா இன்னா, உங்க கம்பெனி வேன்லயே ஏத்திக்கினு போங்க."

எஸ்தர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நர்சிங் காலேஜில் சேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். கணக்கு வரவில்லை என்றால் சொல்லிக்கொடுப்பதுதானே உங்கள் வேலை என்று கேட்டேன். முழுப் பரீட்சையில் பாஸானால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் எஸ்தர், "நான் உன்கூட வேன்லயே வந்துடுறேம்மா" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

எங்கள் சபையில் வருஷா வருஷம் பரீட்சை ஜெபம் உண்டு. பிள்ளைகள் பேனாவைப் பீடத்தில் வைப்பார்கள், போதகர் ஜெபித்துக் கொடுப்பார். எஸ்தரும் புதுப் பேனாவோடு வரிசையில் நின்றாள். சபை மூப்பர் அவளைத் தடுத்தார்.

"நீ ஒன்பதாவது தானே? இது பத்தாவது, பன்னெண்டாவதுக்கு மட்டும்தான் பாப்பா. அடுத்த வருஷம் வா."

அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு எங்கே இருக்கிறது? நான் எழுந்து போனேன். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பீடத்தில் வைத்தேன். முழங்கால் போடவில்லை. நின்றபடியே, சபை முழுக்கக் கேட்கும்படி ஜெபித்தேன்.

"ஆண்டவரே, ஒன்பதாவதுலயே என் புள்ளைய வெளிய தள்றாங்க. நீரும் பத்தாவதுக்கு அப்புறம்தான் பாப்பீரா? எனக்குக் கணக்கு தெரியாது. சொல்லித்தர ஆள அனுப்பும். அனுப்பாம நான் இங்கேர்ந்து போவ மாட்டேன்."

மூப்பர் முகம் சுளித்தார். அப்போது பின்னாலிருந்து ரேச்சல் எழுந்தாள். எங்கள் பக்கத்துத் தெருப் பெண், காலேஜில் கணக்குப் படிக்கிறவள்.

"அக்கா, சாயங்காலத்துல நான் சொல்லித்தர்றேன். எங்க வீட்லதான் எடம் இல்ல."

போதகர் பையிலிருந்து சபை ஹாலின் சாவியை எடுத்து ரேச்சல் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தவிர எப்போதும் பூட்டியே கிடக்கிற ஹால் அது. அங்கேயே நான் அழுதுவிட்டேன்.

எஸ்தர் ஒன்பதாவது பாஸானாள். பத்தாவதும் அதே பள்ளியில்தான் எழுதினாள், கணக்கில் நல்ல மார்க். இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு, நர்சிங்குக்காகப் படிக்கிறாள். போன மாதம் அந்த டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "நான் அப்பவே நெனச்சேம்மா, நல்லா வருவான்னு" என்றார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். இன்னும் ஆறவில்லை. அதையும் ஆண்டவரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷப் பரீட்சை ஜெபத்தில் ஒன்பதாவது பிள்ளைகளையும் முன்னால் கூப்பிட்டவர் அதே மூப்பர். தேவனுக்கே மகிமை.

உங்கள் பிள்ளையை யாராவது தள்ளினால், நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே அவர் முன்னால் போய் நில்லுங்கள். பிள்ளையைச் சாயங்காலத்தில் கணக்கு படிக்க எங்கள் சபை ஹாலுக்கு அனுப்புங்கள். அங்கே சொல்லித்தருவது இப்போது எஸ்தர்தான், சாவியும் அவளிடம் இருக்கிறது.