ஞானத்துக்கு உடுத்திய சேலை

ஞானபூரணி என்று ஞானஸ்நானம் பெற்ற ஞானம், செக்காலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்தார். முழங்கால்வரை தொங்கும் ஜிப்பா, பைஜாமா, கிராப்புத் தலை, காதில் சின்னத் தோடு. பிள்ளைகளில் பாதிப் பேர் மாஸ்டர் என்பார்கள், மீதிப் பேர் டீச்சர் என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். "ரெண்டுல நீங்க எது?" என்று ஒருத்தன் சீண்டியபோது, "மொதல்ல உனக்கு ஸ்பீடு நாப்பத்தஞ்சு வரட்டும்டா, பெறகு சொல்றேன்" என்றார்.

தங்கை பெல்சியிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னார்.

"ஆம்பளையாகணும்னு எனக்கு ஆசை இல்லடி. பொம்பளைன்னு சொன்னாலும் என்னையச் சொல்ற மாதிரி இல்ல."

"அப்ப அதுக்கு என்ன பேரு?"

"தேடிப் பாத்துட்டேன். ஊர்ல வையுற வார்த்தைதான் இருக்கு. அதுவும் நான் இல்ல."

பெல்சியைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் கெஞ்சியதற்காக ஞானம் சேலை கட்டிப் பலகாரம் பரிமாறினார். வந்தவர்கள் போனதும் அதை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தார். "உனக்காக ஒரு நாள். நான் செத்தா மட்டும் இதைச் சுத்தி அனுப்பிறாத." பெல்சி சத்தியம் செய்தாள்.

தொண்ணூற்றேழில், மஞ்சள்காமாலை முற்றி, முப்பத்தாறு வயதில் ஞானம் இறந்தார். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவது வழக்கம். பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். பெல்சி ஜிப்பாவை எடுத்து வந்தாள்.

சித்தப்பா ஜான் பீட்டர் மறித்தார். "இந்தக் கோலத்துல கொண்டு போனா சாமியார் கோயிலுக்குள்ள விடுவாகளா? கல்லறைத் தோட்டத்துல இடம் இல்லைன்னுட்டா எங்குட்டுப் போய்ப் பொதைப்ப?"

பெட்டி தெருவில் நிற்பதைப் பெல்சியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜிப்பாவைக் கீழே வைத்தாள். சேலைக் கொசுவத்தை அவளே மடித்துச் செருகினாள்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின் பங்குச் சாமியார் அவளருகே வந்தார்.

"ஞானத்துக்கு எதுக்கும்மா சேலை? எப்பவும் போடுறதையே போட்டிருக்கலாமே."

"நீங்க ஒத்துக்கிட்டிருப்பீகளா சாமி?"

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு அந்த உடுப்புலதான வருவாக? என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. சாமியார் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. போய்க் கேட்டுவிட்டு வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"கேக்கத் தோணல சாமி" என்றாள் பெல்சி.