முதுகைக் காட்டி நிற்கும் ஸ்காட்லாந்துக்காரர்

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், துவைக்கவேண்டிய துணியை அப்படியே மூலையில் போட்டுவிட்டு ஆஹெனிலிருந்து கெல்சென்கிர்ச்சனுக்குக் கிளம்பினேன். காரணம், கேலம் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். கப்பல் கட்டும் ஊரில் பிறந்தவர். இளவயதில் ஜெர்மனிக்குக் கால்பந்து ஆட வந்து, முழங்கால் போனபிறகு இங்கேயே தங்கி, அப்போது கெல்சென்கிர்ச்சனில் சிறிய கால்பந்துச் சங்கம் ஒன்றின் மேலாளராக இருந்தார். இடது பின்களத்தில் ஆடியவர். சென்னை வியாசர்பாடியில் நானும் அதே இடம்தான், அவ்வளவு உருப்படியாக ஆடியதில்லை.

அவரைப் பற்றி எங்கள் மாணவர் விடுதியில் ஒரு பேச்சு உண்டு. தன் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவாராம். ஒருகாலத்தில் அவர் கோட்டைவிட்ட பெனால்டியால் அவரது அணி மேல்பிரிவுக்குப் போக முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் பெனால்டி அடித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை.

காலை பதினொன்றே கால் ரயில். எஸ்ஸனில் மாறினால் மொத்தம் இரண்டேகால் மணி நேரம், ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். மாணவர் பயண அட்டை இருந்ததால் செலவில்லை. டுசல்டார்ஃப் தாண்டியதும் மூடுபனி. புகைபோக்கிகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மிதந்து போயின. விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது.

நுழைவுச்சீட்டு ஏழு யூரோ. மேலாளர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், வேலியோரம் மலர் அக்கா தேநீரும் மட்டன் ரோல்ஸும் விற்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்த ஊர். கேலம் திரும்பி நிற்கும்போதெல்லாம் தன் முகத்தைத்தான் பார்ப்பார், எதையும் மறைக்கத் தெரியாத முகம் என்பதால் என்று சிரித்தபடி சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இண்டைக்கு வெல்லாட்டி ட்ரெயினர் கேலமுக்கு வேலை இல்லைத் தம்பி. நிர்வாகம் சொல்லிப்போட்டுது."

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது எங்களுக்கு அருகிலிருந்த கோலில் கேலமின் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. இளைஞன் யோனாஸ் பந்தை வைத்தான். கேலம் திரும்பினார். அக்கா முந்தானை இல்லாத குறைக்குக் கம்பளிச் சால்வையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஏலாது. நீங்கள் பாருங்கோ."

அப்போதுதான் கவனித்தேன். கேலமின் சாம்பல்நிறக் கண்கள் என்மேல் இருந்தன. ஊர்சுற்ற வந்தவனுக்கு இது தேவையா?

பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. என் முகம் என்ன செய்ததோ, அவர் ஒருமுறை தலையசைத்தார். நன்றி சொல்வது போலத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆட்டம் சமன். எல்லோரும் கலைந்தார்கள், பனி இன்னும் இறங்கியது. யோனாஸ் மட்டும் புல்லில் உட்கார்ந்திருந்தான். கேலம் அவனிடம் போய் ஏதோ சொல்லி எழுப்பினார். பந்தை அதே இடத்தில் வைத்தார். விலகி, கோலைப் பார்த்து நின்றார்.

எனக்கு ட்ராம் வந்துவிட்டது. வாசலிலிருந்து பார்த்தால் இரண்டு நிழல்கள்தான் தெரிந்தன, கோல் தெரியவில்லை. பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. வேலியோரம் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அது கோல்தான்.

போகிறவர்களுக்கு: தடித்த சாக்ஸ் அவசியம். ரோல்ஸ் இரண்டு, தேநீருடன் நான்கு யூரோ, இடைவேளைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், தீர்ந்துவிடும். திங்கட்கிழமை கேலமை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், அதனால் அவரை அங்கே தேட வேண்டாம். ஆனால் பெனால்டி கிடைத்தால் யார் அடிக்கிறார் என்று பாருங்கள். யோனாஸ்தான் அடிக்கிறானாம், அக்கா சொன்னார். இப்போது அக்காவும் கண்ணை மூடுவதில்லை.