அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

திங்கட்கிழமை காலையில் காபி குடித்ததும் நான் செய்யும் முதல் வேலை, சர்வதேசச் சட்டக் கருத்தரங்குகள் எங்கெங்கே நடக்கப்போகின்றன என்று தேடிப் பட்டியல் போடுவது. கடல் சட்டம், போர்க்குற்றம், முதலீட்டுத் தகராறு, அகதிகள் என்று தலைப்புவாரியாகப் பிரிப்பேன். கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி எது, பயணச் செலவு தருவார்களா மாட்டார்களா என்பதையும் குறித்து, எங்கள் கல்லூரி ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. நானாக ஆரம்பித்தேன், இப்போது விட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இதை வரன் பகுதி என்பார். "இன்னிக்கு எத்தனை வரன் வந்திருக்கு? எல்லாரும் அழகாத்தான் கூப்பிடறா. கடைசியில ஜாதகம் பொருந்தலைன்னு எழுதிடுவா" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் அனுப்பிய கட்டுரைகளுக்கு வந்த பதில்களையும் அவர்தானே கூட இருந்து பார்த்தார்.

அடையாறில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் நடத்துகிறேன். பரீட்சைக்கு முந்தைய நாள் புரட்டினால் போதும் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்ட பாடம் இது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். எனக்கு ஒரு வியாதி உண்டு, பிழையைக் கண்டால் பொறுக்காது. தி. நகருக்குப் புடவை எடுக்கப் போனால் கூடப் புடவையை விட்டுவிட்டுத் தள்ளுபடி போர்டில் விட்டுப்போன எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை எங்கோ நடந்த கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு மலேசியா என்று போட்டிருந்தார்கள். அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். திருத்தினார்கள். அன்று முழுக்க எனக்கு நல்ல பசி.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னிடம் எல்.எல்.எம். படிக்க வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதற்காக.

அவள் அகதி முகாமில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் சண்டைக்குத் தப்பிப் படகேறி வந்தவர்கள். பெற்றோர் இந்தியர் இல்லை என்பதால் இங்கே பிறந்தும் அவளுக்குக் குடியுரிமை இல்லை. இலங்கையிலோ அவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. ஊருக்கு வடக்கே இருக்கும் முகாமிலிருந்து ரயில் பிடித்து சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் அடையாறு வருவாள். எந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னாலும் அவள் முதலில் கேட்பது தலைப்பை அல்ல. "அன்னிக்கு செக்கிங் இருக்குமான்னு பார்க்கணும் மேடம்" என்பாள். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் வந்து சரிபார்க்கும் நாளைத்தான் அப்படிச் சொல்வாள்.

சட்டப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தாள். ஆனால் வக்கீலாகப் பதிவு செய்யக் குடியுரிமை வேண்டும். கூடப் படித்தவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், இவள் என் வகுப்புக்கு வந்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது ஆராய்ச்சி ஒன்றுதான். அதற்கு எங்காவது இடம் கேட்க வேண்டுமென்றால், தன் பெயரில் வெளியே ஒரு மேடையில் வாசித்த கட்டுரை கையில் இருக்க வேண்டும். அது ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் அவளும் நானும் இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை அப்படி ஒரு அழைப்பு கண்ணில் பட்டது. நாடற்றவர்களின் சட்ட நிலை பற்றி ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்கு. தேர்வாகும் கட்டுரைக்குப் பயணச் செலவும் உண்டு. நாடற்ற நிலையை வாழ்ந்து அறிந்தவர்களின் கட்டுரைகளைப் பெரிதும் வரவேற்பதாகவும் போட்டிருந்தார்கள். குழுவில் போடுவதற்கு முன்னாலேயே அவளுக்கு அனுப்பினேன்.

எழுதிக்கொண்டு வந்தாள். 'நான் எந்த நாட்டின் குடிமகளும் அல்ல. இதை நான் பிறந்த ஊரிலிருந்தே எழுதுகிறேன்' என்பது முதல் வரி. நான் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை படித்தேன். சில காற்புள்ளிகளைத் தவிர மாற்ற ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"மேடம், உங்க பேரை முதல்ல போட்டுடறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"எல்லாரும் அப்படித்தானே போடறாங்க."

உண்மைதான். மாணவர் எழுதிய கட்டுரையில் வழிகாட்டியின் பெயர் முதலில் வருவது எங்கள் வட்டாரத்தில் சாமிக்குத் தேங்காய் உடைப்பது மாதிரி. உடைக்காமல் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். நான் எழுதாத கட்டுரைக்கு என் பெயர் வேண்டாம் என்று சொல்லி, முதல் பக்கத்தில் அவள் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். சரி மேடம் என்று தலையாட்டினாள். வீட்டுக்குப் போய், என் பெயரை முதலில் போட்டே அனுப்பிவிட்டாள்.

அந்த விஷயம் எனக்குத் தெரிந்தது தேர்வுக் கடிதம் வந்தபோதுதான். கடிதம் எனக்கு வந்தது. முதல் ஆசிரியர் நான், ஆகவே அழைப்பும் பயணச் செலவும் எனக்கு. நாடற்றவராக வாழும் அனுபவத்தை இவ்வளவு துணிச்சலாக எழுதியதற்கு என்னைப் பாராட்டியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "உனக்கு நாடே இல்லையாமே! அப்போ ஆத்துல இருக்கற ரேஷன் கார்டுலேர்ந்து உன் பேரை எடுத்துடலாமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். சொன்னதற்கு மாறாக ஏன் செய்தாய் என்று கேட்டேன்.

"உங்க பேர் இருந்தா கவனிச்சுப் படிப்பாங்கன்னு நினைச்சேன் மேடம். என் பேருக்குப் பக்கத்துல போட எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். அழவில்லை. நிலவரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் எப்படியும் போக முடியாதுல்ல."

"போக முடியாதுன்னு தெரிஞ்சும் ஏன் அனுப்பின?"

"அனுப்பறதுக்குப் பாஸ்போர்ட் கேக்கலையே மேடம்."

எனக்குப் போக ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஊருக்கெல்லாம் பட்டியல் போட்டவளுக்கு ஒரு தடவையாவது விமானம் ஏறிப் போய்ப் பேச ஆசை இருக்காதா? ஆனால் அந்த முதல் வரியை என் வாயால் எப்படிச் சொல்வது? அன்று மாலையே எழுதினேன். கட்டுரை முழுக்க அவளுடையது, என் பெயரை எடுத்துவிடுங்கள், இது எங்கள் ஊர் மரியாதையால் வந்த குழப்பம் என்று விளக்கினேன். மிகவும் மகிழ்ச்சியாகப் பதில் போட்டார்கள். அழைப்பை அவள் பெயருக்கு மாற்றிவிட்டோம், விசாவுக்குக் கடிதம் தர அவளுடைய பாஸ்போர்ட் பிரதியை அனுப்பவும் என்றிருந்தது.

அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"பாஸ்போர்ட் இருந்தா இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேனே மேடம்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

நேரில் வராதவர்களின் கட்டுரைக்கு இடமில்லை என்பது அவர்களுடைய விதி. நாடற்றவர்களைப் பற்றிப் பேச நாடு உள்ளவர்கள் மட்டும்தான் வரலாமா என்று கேட்டு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்து, "இந்த ரெண்டு வரியை எடுத்துடு, வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். அந்த இரண்டு வரியும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனாலும் எடுத்தேன். கொஞ்ச நாள் பதிலே இல்லை. அந்த நாட்களில் அவள் எதுவும் கேட்கவில்லை. நான் ஃபோனை எடுக்கும்போதெல்லாம் என் முகத்தை மட்டும் பார்ப்பாள். கடைசியில், இவள் ஒருத்திக்கு மட்டும் வீடியோவில் பேச அனுமதி தந்தார்கள். என்னைவிட அவள்தான் முதலில் தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு செக்கிங் இல்லை.

கருத்தரங்குக்கு முன்பு நிகழ்ச்சி நிரல் வந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் கல்லூரி, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு. அவள் பெயரைத் தேடினேன். எங்கள் கல்லூரியின் பெயர், பக்கத்தில் இந்தியா.

கல்லூரி இருக்கும் நாட்டை வைத்து யாரோ போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாடற்றவர்களைப் பற்றிய கருத்தரங்கில், நாடே இல்லை என்று முதல் வரியில் சொல்லும் ஒருத்திக்கு ஒரு நாட்டை ஒட்டவைத்திருக்கிறார்களே! 'திருத்தம் தேவை' என்று தலைப்புப் போட்டுத் தட்ட ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். திரையைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மேடம், இதைத் திருத்தச் சொல்லாதீங்க."

"என்னம்மா இது? உன் கட்டுரையே இதுக்கு நேர் எதிரா இருக்கே. கேக்கறவங்க குழம்ப மாட்டாங்களா?"

"கட்டுரையில உண்மையைத்தான் எழுதியிருக்கேன். அதை அப்படியே படிக்கறேன். இது நான் எழுதினது இல்ல மேடம், அவங்களா எழுதினது. ஒரே ஒரு தடவை இருந்துட்டுப் போகட்டும்."

தட்டியதையெல்லாம் அழித்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க மேசையில் கண்ணாடியைத் தேடுவது போலத் தேடினேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

நிகழ்ச்சி நிரலின் அந்தப் பக்கத்தை அச்செடுக்க, கல்லூரிக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அவளோடு போனேன். வகுப்புக் குறிப்புகளை எப்போதும் கறுப்பு வெள்ளையில், இரண்டு பக்கமும் போடச் சொல்பவள் நான். கடைக்காரருக்கு அது பழக்கம்.

"இன்னா மேடம், வழக்கம்போல பிளாக் அண்ட் ஒயிட் தானே?"

"கலர்ல போடுங்க. ஒரு பக்கம் மட்டும்."

"இன்னா மேடம் விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அவள் அதை மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள்.

கருத்தரங்கு நாளன்று கல்லூரியின் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். நான் கேமராவில் படாமல் ஓரமாக இருந்தேன். தலைமை தாங்கியவர் அவள் பெயரைச் சொல்லி, இந்தியாவிலிருந்து என்று அறிமுகம் செய்தார். அவள் வணக்கம் சொன்னாள். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். அப்புறம் நிதானமாக முதல் வரியை வாசித்தாள். நான் எந்த நாட்டின் குடிமகளும் அல்ல. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்த முகங்கள் நிமிர்ந்தன. அதற்குப் பிறகு அவள் எங்கும் தடுமாறவில்லை. கேள்விகள் நிறைய வந்தன, நேரம் போதாமல் நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. முகாம் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், நிகழ்ச்சி நிரலின் அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "அப்பா லேமினேட் பண்ணிட்டார் மேடம். இனிமே திருத்த முடியாது."